நாணயமும் தாளும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. முத்திரை பொறித்த உலோகக் காசு என்பது ஒன்று; சொன்ன சொல் தவறாத நேர்மை என்பது மற்றொன்று. ஒருவரை ‘நாணயமானவர்’ என்று ஊரார் புகழும்போது, அவர் பையில் எத்துணைக் காசு உள்ளது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து தங்கியது வியப்பன்று. காசு ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்குச் செல்வது, அதனை அடுத்தவரும் மறுக்காது பெற்றுக்கொள்வர் என்னும் நம்பிக்கையினாலேயே ஆகும். அந்நம்பிக்கை குலையுமாயின், அரசின் முத்திரை பொறித்த காசும் வெறும் உலோகத் துண்டாகவே நின்றுவிடும்.

இவ்வாறு நிகழ்ந்ததைத் தமிழ்நாட்டு மக்கள் அண்மைக் காலத்திலேயே கண்ணாரக் கண்டனர். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்றொரு வதந்தி இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஊர்தோறும் பரவியது. கடைகளிலும் பேருந்துகளிலும் அந்நாணயத்தை வாங்க மறுத்தனர். விடியற்காலையில் பூக்கூடையுடன் சந்தைக்குப் புறப்படும் மூதாட்டி ஒருத்தி, முதல்நாள் விற்ற பூவுக்குக் கிடைத்த பத்து ரூபாய் நாணயத்தைப் பேருந்தில் நீட்டுகிறாள் என்று கொள்வோம்.

“அம்மா, இது செல்லாது, வேறு இருந்தால் கொடுங்கள்” என்கிறார் நடத்துநர்.

“என்ன தம்பி இப்படிச் சொல்கிறீர்கள்? அரசாங்கம் அடித்த காசுதானே இது?” என்கிறாள் மூதாட்டி.

“அரசாங்கம் அடித்ததுதான், அம்மா. நான் வாங்கினால் என்னிடமிருந்து வாங்குவார் யார்?”

இத்தகைய உரையாடல்கள் பல ஊர்களில் நாள்தோறும் நிகழ்ந்தன. நடத்துநர் தீயவர் அல்லர். மூதாட்டியும் பிழை செய்தாளல்லள். ஆயினும் அவள் உழைத்துப் பெற்ற பத்து ரூபாய் அன்றைக்குப் பயன்படாமற் போயிற்று. செல்வர்க்குப் பத்து ரூபாய் சிறிய தொகை. நாள் முழுதும் வெயிலில் அமர்ந்து இருநூறோ முந்நூறோ ஈட்டுவார்க்கு அது சிறிதன்று. ஆகவே, குறைந்த மதிப்புள்ள பணம் தாளாக இருத்தல் வேண்டுமா, உலோகமாக இருத்தல் வேண்டுமா என்னும் வினா, பொருளியல் வல்லுநர் மட்டும் ஆராய்ந்துவிட்டு ஒதுக்கத்தக்கதன்று.

பழங்காலத்தில் இவ்வினாவே எழவில்லை. பணம் என்றால் உலோகமே. பாண்டியரின் கொற்கைத் துறைக்கு அருகில் அக்கசாலை என்னும் ஊர் இன்றும் உள்ளது. அக்கசாலை என்பது காசு அடிக்கும் இடத்துக்குரிய பழைய பெயர். சென்னையிலும் நாணயச்சாலை இருந்த தெரு, அது மூடப்பெற்றுப் பன்னெடுங்காலம் சென்ற பின்னரும், தங்கசாலைத் தெரு என்றே வழங்குகின்றது. காசு என்னும் தமிழ்ச்சொல் போர்ச்சுக்கீசியர் வாயிலாக ஆங்கிலம் வரை சென்று, கீழை நாட்டுச் சிறு நாணயங்களைக் குறிக்கும் சொல்லாக அம்மொழியில் இடம்பெற்றது. உலோகம் போகாத நாடுகளுக்கும் சொல் போய்விட்டது!

சிறு மதிப்புக்குத் தாள் வந்ததற்குக் காரணம் ஒரு பெரும்போர். முதல் உலகப்போர் நடந்த காலத்தில் வெள்ளியின் விலை மிக உயர்ந்தது. அந்நாளைய ரூபாய் ஒரு தோலா எடையுள்ள வெள்ளி நாணயம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. வெள்ளியின் விலை ஏற ஏற, ரூபாயின்மேல் பொறித்த மதிப்பைக் காட்டிலும் அந்த ரூபாயை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் மதிப்பு மிகுதியாகும் நிலை நேர்ந்தது. உருக்கினால் ஆதாயம் என்றால் உருக்குவார் இல்லாமற் போவரா? ரூபாய்கள் புழக்கத்தினின்றும் மறையத் தொடங்கின. நாணயச்சாலைக்குப் போதிய வெள்ளியும் கிடைக்கவில்லை. இந்நெருக்கடியைத் தீர்க்கவே அன்றைய அரசு 1917-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் இரண்டு ரூபாய் எட்டணா மதிப்புள்ள தாளும் வந்தது. போர் முடிந்து நிலைமை சீர்ப்பட்டபின், 1926-இல் இவ்விரண்டும் நிறுத்தப்பெற்றன. இரண்டாம் உலகப்போர் வந்ததும், 1940-இல் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் தலைகாட்டிற்று.

அவ்வாறு வந்த ஒரு ரூபாய்த் தாளுக்கு ஒரு விந்தையான நிலை உண்டு. பிற பணத்தாள்களை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடுகின்றது. அவற்றில் ஆளுநர் கையொப்பமிட்டு, குறித்த தொகையைத் தருவதாக உறுதி கூறுகின்றார். ஒரு ரூபாய்த் தாளையோ நடுவண் அரசே வெளியிடுகின்றது; நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுகின்றார்; தருவதாகக் கூறும் உறுதிமொழி அதில் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்கு ஒப்பானது. தாளாய்ப் பிறந்து நாணயமாய் வாழ்வது அது ஒன்றேயாம்.

இனி, தாளில் உள்ள குறையை நோக்குவோம். இந்தியப் பணத்தாள் மரக்கூழினால் ஆகியதன்று. முழுதும் பருத்தி இழையால் ஆகியது. ஆதலால் மற்றத் தாள்களினும் அது உறுதியானது. ஆயினும் பருத்தித் துணியே நாளும் கசக்கினால் கிழியும்போது, பருத்தித் தாள் என் செய்யும்? பெருந்தொகைத் தாள்கள் பெட்டியிலும் வங்கியிலும் மடிப்புக் கலையாது உறங்குகின்றன. சிறு தாள்களோ உறங்குவதே இல்லை. காலையில் பால்காரரிடமும், பின்னர்த் தேநீர்க்கடையிலும், நண்பகலில் காய்கறிக் கூடையிலும், மாலையில் மீன் விற்பாள் மடியிலும் அவை தங்கிச் செல்கின்றன. வியர்வையில் நனைகின்றன; எண்ணெய் படிகின்றது; சுருக்குப்பையில் நான்காக, எட்டாக மடிக்கப்படுகின்றன. மடித்த இடம் முதலில் வெளுக்கும், பின்னர் இற்றுப்போகும். பிரிட்டனில் ஒரு பவுண்டுத் தாள் வழங்கிய காலத்தில், அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஒன்பது திங்களே என்றும், அதனிடத்தில் வந்த நாணயம் நாற்பது ஆண்டுகள் வரை உழைக்கும் என்றும் கணித்தனர். அங்கு ஒரு பவுண்டு நாணயம் 1983-இல் வெளிவந்தது. இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண்டுத் தாள் 1988-இல் விலக்கப்பெற்றது.

இந்தியாவிலும் இவ்வெண்ணம் தோன்றியது. ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய ரூபாய்த் தாள்கள் எண்ணிக்கையில் மிகப் பலவாயும், மொத்த மதிப்பில் மிகச் சிலவாயும் இருந்தன. அச்சகத்தின் உழைப்பில் பெரும் பகுதியை இச்சிறு தாள்களே விழுங்கின. எனவே, 1994-இல் ஒரு ரூபாய்த் தாளையும், 1995-இல் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்த் தாள்களையும் அச்சிடுதல் நிறுத்தப்பெற்று, அவற்றினிடத்தில் நாணயங்கள் வழங்கலாயின. ஆனால் நாணயம் போதிய அளவில் வந்து சேராமையால், ஐந்து ரூபாய்த் தாள் பின்னரும் சில காலம் அச்சிடப்பெற்றது. ஒரு ரூபாய்த் தாளும் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2015-இல் மீண்டும் வெளிவந்தது. போன விருந்தாளி குடையை மறந்து திரும்பி வருவது போன்றது இது.

செலவுக் கணக்கு எப்படி என்று காண்போம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கப்பெற்ற வினாவுக்கு, 2018-இல் அரசு நாணயச்சாலை அளித்த விடையொன்று உண்டு. அதன்படி ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைச் செய்ய ஆகும் செலவு 1 ரூபாய் 11 காசு; இரண்டு ரூபாய் நாணயத்துக்கு 1 ரூபாய் 28 காசு; ஐந்து ரூபாய் நாணயத்துக்கு 3 ரூபாய் 69 காசு; பத்து ரூபாய் நாணயத்துக்கு 5 ரூபாய் 54 காசு. பத்து ரூபாய்த் தாள் ஒன்றை அச்சிட அக்காலத்தில் ஆன செலவோ ஏறத்தாழ ஒரு ரூபாய். ஒரு ரூபாயைச் செய்ய ஒரு ரூபாய்க்கு மேல் செலவிடுவதா என்று சிலர் நகைப்பர். அந்நகைப்பு முழுதும் பொருந்தாது. ஒரு மரக்கால் செய்ய ஆகும் கூலியை, அம்மரக்கால் ஒரு முறை அளக்கும் நெல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகுமா? அது ஆயிரம் முறை அளப்பதற்கு உரியதன்றோ? காசும் அத்தகையதே. பல்லாண்டுகள் பல்லாயிரம் கைகளில் புழங்கி வேலை செய்வதற்காகவே அதற்குச் செலவிடுகின்றனர். ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டுவது இதுவே: ஒரு பத்து ரூபாய் நாணயம் தேயுமுன் எத்தனை பத்து ரூபாய்த் தாள்கள் கிழிந்து மாயும்? ஆறுக்கு மேற்பட்டால் நாணயமே மலிவு. நாள்தோறும் கைம்மாறும் சிறு தாளின் நிலையையும், முப்பது ஆண்டுகட்கு முன் அடித்தும் இன்று தெளிவாகப் படிக்கத்தக்கதாய் விளங்கும் நாணயத்தின் நிலையையும் பார்ப்பவர், கணக்கு எப்பக்கம் சாயும் என்பதை எளிதில் உணர்வர்.

ஆனால் இக்கணக்கில் மறைந்து நிற்கும் ஒரு கூறு உண்டு. நாணயம் உழைக்க வேண்டுமாயின் அது புழங்க வேண்டும். தாளைப் பெற்றவர் அதை விரைவில் செலவிடுகின்றனர். நாணயத்தைப் பெற்றவரோ வீட்டுக்கு வந்ததும் அதனை மேசைப் பெட்டியிலோ, அஞ்சறைப் பெட்டியின் ஓரத்திலோ, குழந்தையின் உண்டியலிலோ போட்டுவிடுகின்றனர். தாள் ஓடுகின்றது, காசு உட்கார்ந்துவிடுகின்றது. (தாள் என்னும் சொல்லுக்குக் கால் என்றும் பொருள் உண்டென்பது ஈண்டு நினைவுக்கு வரலாம்.) திருக்கோயில் உண்டியல்களில் விழும் சில்லறையும் எண்ணி முடித்து வங்கிக்குச் செல்லும் வரை சந்தைக்கு வாராது. ஆகையால் இரண்டு தாள்களை விலக்கினால், அவ்விடத்தை நிரப்ப மூன்று நாணயங்கள் வேண்டியிருக்கும் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது.

எடையும் ஒரு தடையே. 2011 முதல் அடிக்கப்பெறும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். நடத்துநர் ஒருவரிடம் ஐந்நூறு ரூபாய் இந்நாணயமாகச் சேருமாயின், ஐம்பது காசுகளின் எடை 385 கிராம் ஆகும். அத்தொகையே பத்து ரூபாய்த் தாள்களாக இருப்பின், சட்டைப் பையில் மடித்து வைத்துவிடலாம். வங்கிகளும் நாணய மூட்டைகளை உவந்து ஏற்பதில்லை. எண்ணுதற்குக் காலம் வேண்டும். வைத்தற்கு இடம் வேண்டும். ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்ல வண்டி வேண்டும். வங்கி தயங்கினால் வணிகர் தயங்குவர். வணிகர் தயங்கினால் நடத்துநர் தயங்குவர். அத்தயக்கங்களின் கடைசிப் படியிலே நிற்பவள்தான் பூக்கூடை ஏந்திய அம்மூதாட்டி.

எடை ஒருபுறமிருக்க, தாளால் ஆகாத பணிகள் சில காசால் ஆகின்றன. தமிழர் தம் திருமணங்களில் மொய் எழுதுவோர் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என ஒற்றைப்படை எண்ணிலேயே கொடுப்பர். அந்த ஒன்று பெரும்பாலும் உறையின் மூலையில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயமாகவே இருக்கும். அவ்விடத்தில் ஒரு ரூபாய்த் தாளை வைப்பாரைக் காண்டல் அரிது. இதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. கண்பார்வை இல்லாதவர்க்குக் காசு பேசும், தாள் பேசாது. புதிய பத்து ரூபாய்த் தாளின் நீளம் 123 மில்லிமீட்டர். இருபது ரூபாய்த் தாளின் நீளம் 129 மில்லிமீட்டர். அகலம் இரண்டுக்கும் ஒன்றே. பேருந்தின் நெரிசலில் நின்றுகொண்டு, ஆறு மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலால் அளந்தறிவது எளிதா? நாணயத்திலோ விளிம்பின் வடிவமும், எடையும், பல்வெட்டும் விரல் நுனிக்கு உடனே புலப்படும். 2019-இல் அறிவிக்கப்பெற்ற இருபது ரூபாய் நாணயம் இக்கருத்தினாலேயே பன்னிரண்டு பக்கம் உடையதாய், விளிம்பில் பல்வெட்டு இல்லாததாய் அமைக்கப்பெற்றது. பார்வையற்ற ஒருவர் பிறர் உதவியை நாடாது தம் காசைத் தாமே எண்ணிக் கொடுக்க இயலுவது சிறு நன்மையன்று. செலவுக் கணக்குப் போடுவோர் இதற்கு எத்தனை காசு மதிப்பிடுவர் என்பது விளங்கவில்லை.

தாளை விலக்கி நாணயத்தை நிலைநாட்ட முயன்ற நாடுகளுள் கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கருதத்தக்கவை. இரண்டும் அடுத்தடுத்த நாடுகள். பழக்கவழக்கங்களிலும் பெரிதும் ஒத்தவை. முயற்சியும் ஒன்றே. முடிவு மட்டும் வேறாயிற்று.

கனடா நாட்டு ஒரு டாலர் நாணயத்தில், ஓடத்தில் செல்லும் இருவர் உருவத்தைப் பொறிக்கவே முதலில் எண்ணியிருந்தனர். அவ்வுருவைப் பொறிப்பதற்குரிய அச்சுகள் 1986-ஆம் ஆண்டு நவம்பரில் ஒட்டாவா நகரினின்றும் வின்னிபெக் நகர் நாணயச்சாலைக்கு அனுப்பப்பெற்ற வழியிலே காணாமற் போயின. கள்ள நாணயம் அடிப்பார் கையில் அவை சிக்கினால் என்னாவது என்று அஞ்சிய அரசு, அவ்வுருவைக் கைவிட்டு, அந்நாட்டு ஏரிகளில் வாழும் லூன் என்னும் நீர்ப்பறவையின் உருவை ஏற்றது. 1987-இல் வெளிவந்த அந்நாணயத்துக்கு மக்கள் அப்பறவையின் பெயரை ஒட்டி ‘லூனி’ என்றே செல்லப்பெயர் இட்டனர். பெயர் இட்டபின் வெறுப்பார் உண்டோ? ஆனால் பறவையால் மட்டும் அந்நாணயம் நிலைபெற்றதென்று கூறலாகாது. 1989-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு டாலர்த் தாள் வெளியிடுவதைக் கனடா அறவே நிறுத்திற்று. அதன்பின் மக்களுக்கு வேறு வழியில்லை, முணுமுணுத்தனர், பின்னர்ப் பழகினர். 1996-இல் இரண்டு டாலரும் நாணயமாயிற்று.

அமெரிக்காவில் 1979-இல் பெண்டிர் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மையாரின் உருவம் பொறித்த டாலர் நாணயம் வந்தது. அது கால் டாலர் நாணயத்தை நிறத்திலும் அளவிலும் மிக ஒத்திருந்தமையால், மக்கள் ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்கினர். 2000-இல் பொன்னிறத்தில் வேறொரு நாணயத்தை அடித்தனர். 2007 முதல் குடியரசுத் தலைவர்கள் உருவை வரிசையாகப் பொறித்து மற்றொரு தொகுதியை வெளியிட்டனர். ஆயினும் ஒரு டாலர்த் தாளை மட்டும் நிறுத்தவில்லை. கைக்கு எளிய தாள் இருக்கக் கனத்த காசைச் சுமப்பவர் யார்? நூறு கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் புழங்குவாரின்றி நிலவறைகளில் குவிந்தன. 2011-ஆம் ஆண்டு இறுதியில், பொதுப் புழக்கத்துக்காக அவற்றை அடித்தல் நிறுத்தப்பெற்றது. உருவை மாற்றினர், நிறத்தை மாற்றினர்; மாற்ற வேண்டிய ஒன்றை மாற்றாது விட்டனர்.

இதன் பின்னர் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. தாளுக்கு மாற்றாக நாணயத்தை வழங்கினால் முப்பது ஆண்டுகளில் அரசுக்குப் பெரும்பொருள் மிஞ்சும் என்று 2011-இல் கூறிய அதே கணக்காய்வு அலுவலகம், 2019-இல் மீண்டும் ஆராய்ந்து, இழப்பே நேரும் என்று கூறியது. இடையில் ஒரு டாலர்த் தாளின் வாழ்நாள் 3.3 ஆண்டினின்றும் 7.9 ஆண்டாக உயர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் தாள் உறுதியானது அன்று. தாளைச் சோதிக்கும் பொறி திருந்தியதே ஆகும். முன்னாளில் தலைகீழாகவோ புறம் திரும்பியோ பொறிக்குள் சென்ற நல்ல தாள்களும் பழுதான தாள்களோடு சேர்த்து அழிக்கப்பெற்றன. புதிய பொறிகள் எப்பக்கம் திரும்பினும் தாளை அறிந்துகொண்டமையால், அவ்வீண் அழிவு நின்றது. ஆகவே, நாணயமே மலிவு என்பது எக்காலத்தும் எந்நாட்டுக்கும் பொருந்தும் வாய்பாடன்று. தாளை எவ்வாறு பேணுகின்றோம் என்பதையும் பொறுத்தது அது.

உலோகத்துக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு. பிரிட்டனில் ஒரு பவுண்டு நாணயங்களுள் ஏறத்தாழ முப்பதில் ஒன்று கள்ள நாணயம் என்னும் நிலை வந்து, 2017-இல் பன்னிரண்டு பக்கமுள்ள புதிய நாணயத்தை அடித்துப் பழையதை விலக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் துருப்பிடிக்காத எஃகினால் ஆன ஒரு ரூபாய் நாணயங்கள் வங்காளதேச எல்லையைக் கடத்திச் செல்லப்பெற்று, முகம் மழிக்கும் அலகுகளாக மாற்றப்படுகின்றன என்று 2007-இல் செய்திகள் வந்தன. ஒரு ரூபாயிலிருந்து பல அலகுகள் வெட்டி, முப்பது ரூபாய்க்கு மேல் பெற்றனராம். தொண்ணூறு ஆண்டுகட்கு முன் வெள்ளி ரூபாயைப் பிடித்த நோயே எஃகு ரூபாயையும் பிடித்தது. காசின்மேல் எழுதிய மதிப்பினும் காசாகிய உலோகத்தின் பயன் மிகுமாயின், அக்காசு சந்தையில் நில்லாது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு பத்து ரூபாய் நாணயத்தின் வரலாற்றை மீண்டும் நோக்கினால், தமிழ்நாட்டில் அது தளர்ந்ததன் காரணம் தெளிவாகும். பொன்னிற வளையத்தின் நடுவே வெண்ணிறத் தட்டுப் பதித்த அழகிய நாணயம் அது. ஆனால் அதன் முகம் ஒன்றாக இல்லை. சான்றோர் நினைவாகவும், நிகழ்ச்சிகளின் நினைவாகவும் பல்வேறு உருவங்களில் அது அடிக்கப்பெற்றது. ரூபாய்க்குரிய குறியீடு 2010-இல் ஏற்கப்பெற்றமையால், அதற்கு முந்திய நாணயங்களில் அக்குறி இல்லை. 2011 முதல் வந்தவற்றில் உண்டு. எண்ணின்மேல் கதிர்போல் விளங்கும் கோடுகள் சிலவற்றில் பதினைந்து, சிலவற்றில் பத்து. குறியில்லாதது போலி, கோடு மிகுந்தது போலி என்று யாரோ தொடங்கிய பேச்சு, கைப்பேசி வாயிலாகக் காட்டுத்தீப்போல் பரவிற்று. 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளிவந்த பத்து ரூபாய் நாணயங்கள் பதினான்கு வடிவங்களில் உள்ளன என்றும், பதினான்கும் செல்லத்தக்கனவே என்றும் அறிக்கை விடுத்தது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையில் கொடுக்கலாம் என்பதும் எல்லார்க்கும் உரிய விதி. ஆனால் பதினான்கு முகங்களையும் நினைவில் வைத்திருக்க ஒரு காய்கறிக்காரரால் இயலுமா? வதந்தியை நம்பியவர்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது முறையன்று. ஒரே பறவையை நம்பிய கனடாவை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதில் மற்றொரு முரணும் உண்டு. நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்த அதே சனவரித் திங்களின் தொடக்கத்தில்தான், கோணார்க் சூரியன் கோயிலின் உருவம் தாங்கிய புதிய பத்து ரூபாய்த் தாளும் அறிவிக்கப்பெற்றது. ஒரு கையால் நாணயத்தைத் தூக்கி நிறுத்தி, மறு கையால் அதன் போட்டியாளனுக்குப் புத்தாடை உடுத்தியது போலாயிற்று அது. தாளும் நாணயமும் அருகருகே வழங்கும் வரையில் மக்கள் எளிதானதையே தேர்வர். அமெரிக்காவில் நிகழ்ந்ததே எங்கும் நிகழும். நாணயத்தால் நன்மை உண்டு என்று அரசு கருதுமாயின், அதற்கு ஒரே நிலையான முகத்தைத் தந்து, வங்கிகள் அதனைத் தடையின்றிப் பெற வழிசெய்து, ஒரு நாளைக் குறித்துத் தாளை நிறுத்திவிடுதல் வேண்டும். அவ்வாறு செய்யத் துணிவில்லையாயின் நாணயத்தை அடியாதிருத்தலே நலம். இரண்டுங்கெட்ட நிலையில் இழப்பு அரசுக்கு மட்டும் அன்று. கையில் இருப்பதை மாற்றிக்கொள்ள வேறு பொருளில்லாத எளியோர்க்கே அது முதலில் வந்து சேர்கின்றது.

கைப்பேசியிற் பணம் செலுத்தும் முறை 2016 முதல் பரவி வருதலின், இனிச் சில்லறைக்கே தேவை குறையும் என்பர் சிலர். அது ஓரளவு உண்மையே. தேநீர்க்கடையிலும் இளநீர் வண்டியிலும் அதற்குரிய கட்ட அட்டை தொங்குகின்றது. கால் ரூபாயும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாளுடன் முற்றும் விலக்கப்பெற்றன. அவற்றுக்காக எவரும் வருந்தவில்லை. ஆயினும் கைப்பேசி இல்லாதவரும், இருந்தும் எழுத்தறியாதவரும், அன்றாடக் கூலியைக் கையிலே பெற்று மாலைக்குள் அரிசியாக மாற்றுபவரும் நாட்டில் உள்ள வரையில், சில்லறைக்கு வேலை உண்டு.

இருபது ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்துள்ளது. இருபது ரூபாய்த் தாளும் வழங்குகின்றது. பன்னிரண்டு பக்கம் கொண்ட அப்புதிய காசு ஒன்று, பூ வாங்கியவர் ஒருவரிடமிருந்து மூதாட்டியின் கைக்கு வருகின்றது. அவள் அதனை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கின்றாள். இருபுறமும் திருப்பிப் பார்க்கின்றாள். பின்னர், “ஐயா, தாளாக இருந்தால் கொடுங்களேன்” என்று கேட்கின்றாள்.